ஐயாயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை

இந்த வருசம் கத்திரி வெயிலுக்கு என் மாடி ரூமை யாருக்கும் விட்டுக்குடுக்கிறதில்லைன்னு சித்திரை பிறந்த அன்னைக்கே சபதம் எடுத்தேன். மனசுக்குள்ளதான் எடுத்தேன். வாய்விட்டு எடுத்தா சந்திரலேகா காதுல விழுந்துரும்.

சந்திரலேகா என் சம்சாரம். சாக்கோட்டை யூனியன் ஆபீஸ்ல வேலை. நான் உதயகுமார். காரைக்குடியில ஒரு பள்ளிக்கூடத்துல பன்னெண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். அங்க அறுபது பிள்ளைகளை ஒரே முறைப்புல அடக்கிருவேன். வீட்டுக்குள்ள வந்து முறைச்சா, "கண்ணுல தூசியா? ஊதி விடவா?"ன்னு கேப்பா.

எங்க வீட்டுல மொத்தமே ஒரு ஏசி. அது மாடி ரூம்ல இருக்கு. மே மாசத்துக் காரைக்குடியில குடியிருந்து பாத்தவுகளுக்குத்தான் அதோட அருமை தெரியும். மத்தியானம் குழாயைத் திறந்தா அப்படியே டீத்தூளைப் போட்டுக் குடிச்சுரலாம், அந்தச் சூட்டுல தண்ணி வரும். வருசம் பூராம் கத்திக் கத்தித் தொண்டை வத்துன மனுசன் நான். லீவு விட்டா அந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, இருபத்தி நாலுல வச்சு, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடக்கிறது ஒண்ணுதான் எனக்கு மிச்சமிருக்கிற சுகம். அதுக்கும் ஒரு எமன் இருந்தாரு. என் மச்சான் மருதுபாண்டி.

சந்திரலேகாவோட அண்ணன். கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறை வச்சிருக்காரு. ரொம்ப நல்ல மனுசன். அதுதான் பிரச்சினையே. கெட்ட ஆளா இருந்தா ஒரு சண்டையைப் போட்டு உறவையே முறிச்சுக்கலாம். இவரு வாரப்பவே பாசத்தோட வருவாரு, பலகாரத்தோட வருவாரு, அப்படியே நேரா மாடிக்குப் போயி ஏசியைப் பதினாறுல வச்சுட்டுப் படுத்துருவாரு. போன வருசம் மே மாசத்துல பதினோரு நாள். பதினோரு நாளும் நான் கீழ ஹால்ல, எங்க கல்யாணத்துக்கு யாரோ குடுத்த காத்தாடிக்குக் கீழ கிடந்தேன். அந்தக் காத்தாடி சுத்துறப்பவே றெக்கையை எண்ணலாம்.

இந்த வருசம் அவரை வராதீகன்னும் சொல்ல முடியாது. எங்க பொண்ணு துர்காவுக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். மடி வேணும்னா மச்சானும் வந்துதானே ஆகணும்? மடியை மட்டும் பார்சல்ல அனுப்பச் சொல்ல முடியுமா?

இப்படி நான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தப்பதான் சாமி கண்ணத் தொறந்துச்சு. மச்சானே போன் பண்ணாரு.

"மாப்ள! பழைய மினி பஸ் ஒண்ணை வாங்கி கேரவனா மாத்திட்டேன். அடுப்பு, கக்கூசு, தண்ணித் தொட்டி, ஏசி எல்லாம் உள்ளயே. சீரையும் அதுலயே ஏத்திக்கிட்டு நானும் மீனாளும் வந்துர்றோம்."

"படுக்கை, மச்சான்?"

"ரெண்டு பேரு காலை நீட்டிப் படுக்கலாம் மாப்ள. மெத்தை எப்படிங்கிறீக, உக்காந்தா ஆளு பாதி காணாமப் போயிருவான்."

"வண்டி எம்புட்டுக் கனம் இருக்கும்?"

"எல்லாம் ஒரு அஞ்சு டன்னுதான்."

போனை வச்சுட்டு மாடி ரூமுக்குப் போயி ஏசியைத் தடவிக் குடுத்தேன். பயப்படாதடா, இந்த வருசம் உன்னைய யாரும் பதினாறுல வைக்க மாட்டாகன்னு அதுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

கீழ இறங்கி வந்து சந்திரலேகாகிட்ட ரொம்பச் சாதாரணமாச் சொல்றாப்புல சொன்னேன்.

"லேகா, உங்க அண்ணன் இந்தத் தடவ படுக்கை எல்லாம் கையோட கொண்டு வர்றாராம். வண்டியிலயே படுத்துக்குவாராம்."

"வண்டிய எங்குட்டு நிறுத்துவாராம்?"

"நம்ம போர்ட்டிகோவுலதான்."

கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுருச்சு.

"என் கல்லு மேலயா?"

அந்தக் கல்லைப் பத்திச் சொல்லணும். கார் வாங்கப் போறோம்னு போர்ட்டிகோ கட்டினோம். கார் வரல. ஆத்தங்குடிக் கல்லு வந்துச்சு. சந்திரலேகாவே ஆத்தங்குடிக்குப் போயி, வெயில்ல நின்னு, ஒவ்வொரு கல்லாத் தட்டிப் பாத்து எடுத்தா. செவப்பும் மஞ்சளுமாப் பூப் போட்டது. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொடைப்பா. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல என் தலை அம்புட்டு எண்ணெயைப் பாத்ததில்ல. என் பைக்கு ஸ்டாண்டுக்கு அடியில கூட ஒரு கட்டையை வச்சுத்தான் நிறுத்தணும்.

"அஞ்சு டன்னு வண்டிய ஏத்துனா என் கல்லு பொடிப் பொடியாப் போயிரும். வண்டிய மண்டபத்து மைதானத்துல விட்டுட்டு, அண்ணனும் மதினியும் எப்பவும் போல மாடியில படுக்கட்டும்."

"ஐயையோ, அது எப்படி? ஆசை ஆசையாக் கட்டின வண்டி. அதுல படுக்க வேணாம்னா உங்க அண்ணன் மனசு என்ன பாடுபடும்?"

"நீங்க கவலைப்படுறது எங்க அண்ணன் மனசுக்கா, உங்க ஏசிக்கா?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல. நேரா இயற்பியலுக்குள்ள போயிட்டேன்.

"லேகா, நல்லாக் கேளு. கல்லை உடைக்கிறது எடை இல்ல, அழுத்தம். அஞ்சு டன்னு நாலு டயரு வழியா நாலு இடத்துல இறங்குனா கல்லு உடையும். அதே அஞ்சு டன்னைப் பலகையைப் போட்டு அகலமாப் பரப்பி விட்டா, கல்லுக்கு மேல வண்டி நிக்கிறதே கல்லுக்குத் தெரியாது."

"கல்லுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியுமே."

"ஒரு கல்லுக்குக் கூட ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

அவ கரண்டியை வச்சுட்டுச் சொன்னா.

"சரி. உங்க பொறுப்புலயே விடுறேன். கல்லுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அண்ணன் வண்டியிலயே படுக்கட்டும். ஒரே ஒரு கல்லு விரிஞ்சாலும் மாடி ரூமு அண்ணனுக்கு. இந்தத் தடவ மட்டுமில்ல, எப்ப வந்தாலும். நீங்க ஏன்னு கேக்கக் கூடாது."

"சம்மதம்!"னேன். அந்தச் 'சம்மதம்' எங்க கல்யாணத்துல சொன்னதை விடச் சத்தமா வந்துச்சு.

மறுநாளே செம்மலைக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். இந்தக் கல்லைப் பதிச்சவரே அவருதான். வந்ததும் குனிஞ்சு கல்லைக் கையால தடவிப் பாத்தாரு.

"சார், இது நடக்குற கல்லு. நடக்க நடக்க மினுக்கும். லாரி ஏறுனா மினுக்காது."

"லாரி இல்ல செம்மலை, கேரவன்."

"சக்கரம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப லாரிதான்."

ஆனா விசயம் தெரிஞ்ச ஆளு. என்ன பண்ணணும்னு புட்டுப் புட்டு வச்சாரு. முதல்ல கல்லு மேல ரப்பர் மேட்டு. மாட்டுக் கொட்டகையில மாடு வழுக்காம இருக்கப் போடுவாகளே, அந்த மேட்டு. அதுக்கு மேல தளம் போடுற சென்ட்ரிங் பலகை. பலகைக்கு மேல இரும்பு ஷீட்டு. கேட்டுல இருந்து போர்ட்டிகோ வரைக்கும் ரெண்டு தடமாப் போட்டு, வண்டி அந்தத் தடத்து மேலதான் வரணும், அதுலயேதான் நிக்கணும். நின்ன இடத்துல ஸ்டீயரிங்கைத் திருப்பக் கூடாது. திருப்புனா டயரு அப்படியே அடியில இருக்கிறதை முறுக்கி எடுத்துரும். இஞ்சினுக்கு அடியில ஒரு தட்டு வச்சு மரத்தூள் போடணும். ஆயில் சொட்டுனா கல்லு குடிச்சுரும், பெறகு கறை போகாது.

"எண்ணெய் தடவுற கல்லுதானே செம்மலை? ஆயிலும் எண்ணெய்தானே?"ன்னேன்.

செம்மலை சிரிக்கல. சந்திரலேகா சன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தா. அவளும் சிரிக்கல. நான் மட்டும் கொஞ்ச நேரம் சிரிச்சுட்டு நிறுத்திக்கிட்டேன்.

மூணு நாள் வேலை. என் வாழ்க்கையில அப்படி ஒழைச்சதில்ல. சென்ட்ரிங் பலகை ஒண்ணொண்ணும் என்னைய மாதிரி ரெண்டு வாத்தியாரு கனம். ஆணி நீட்டிக்கிட்டு இருந்ததை எல்லாம் உக்காந்து பிடுங்கினேன். மாட்டு மேட்டைக் கழுவுன வாசனை என் கையை விட்டுப் போக ஒரு வாரம் ஆச்சு. பக்கத்து வீட்டு அன்னக்கிளி அக்கா மதிலுக்கு மேல தலையை நீட்டி, "என்ன சார், வீட்டுக்குள்ள பாலமா கட்டுறீக?"ன்னாக. "பாதுகாப்பு அக்கா"ன்னேன். "யாருகிட்ட இருந்து?"ன்னாக. மாடி ரூமைப் பாத்தேன்.

வெள்ளிக்கெழமை சந்திரலேகா டேப்போட வந்தா. யூனியன் ஆபீஸ்ல ரோட்டு எஸ்டிமேட்டுப் பைலு பூராம் அவ மேசையைத் தாண்டித்தான் போகும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் யோசிக்கல.

"பலகை ஒன்றரை இஞ்சின்னு சொன்னீக. ஒண்ணே கால்தான் இருக்கு."

"தேய்மானம், லேகா."

"சரி. இது மொத்தம் எம்புட்டு தாங்கும்?"

"ஏழாயிரம் கிலோ!"ன்னேன் நெஞ்சை நிமித்திக்கிட்டு.

"ஏழாயிரமா? எனக்குப் படபடன்னு வருது. கொஞ்சம் பத்திரமாச் சொல்லுங்க."

"சரி, ஆறாயிரத்து ஐந்நூறு."

"என் கல்லுங்க."

"ஆறாயிரம்."

"நானே வெயில்ல நின்னு தட்டிப் பாத்து எடுத்த கல்லுங்க." கண்ணுல தண்ணியே கோத்துருச்சு. எனக்கு மனசு இளகிப் போச்சு. நாம ஒரு ஏசிக்காக ஒருத்தியை இப்படி அழ வைக்கிறோமேன்னு நெசமாவே வருத்தமா இருந்துச்சு.

"ஐயாயிரத்து ஐந்நூறு. போதுமா?"

"ஐயாயிரத்து ஐந்நூறுன்னா பேராசையாத் தெரியுது. ஐயாயிரத்து இருநூறுன்னா ரொம்பக் கெடுபிடி. நடுவுல ஐயாயிரத்து முந்நூறு போடுங்க. என் மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். வண்டி அஞ்சாயிரம். மச்சானே சொன்னது. மச்சான் ஒரு நூறு. அவரு சம்சாரம் மீனாள் ஒரு எண்பது. அது போகப் போர்வைக்கும் தலகாணிக்கும் வேணுங்கிற அளவு இடம் இருக்கு. அழுத பொம்பளைக்கு நம்மால ஆன ஒரு சின்ன ஆறுதல். சரின்னுட்டேன்.

"வாயில சொன்னா மறந்துருவோம். எழுதிருங்க"ன்னு ஒரு அட்டையைக் குடுத்தா. அதுல அவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வண்டி, சாமான், உள்ள இருக்கிற ஆளு எல்லாம் சேத்து ஐயாயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை. மேல போனா ஆளுக மாடி ரூம்லதான் படுக்கணும்.

"வண்டி நின்ன பெறகு இஞ்சின் ஓடுனா கல்லு அதிருமா?"ன்னா.

நல்ல கேள்வி கேட்ட மாணவியை எந்த வாத்தியாருக்குத்தான் பிடிக்காது? அதிர்வுன்னா என்ன, அது பலகை வழியா எப்படிப் போகும்னு கால் மணி நேரம் நடத்தினேன். வாயைப் பொளந்து கேட்டா.

"அப்ப அதிருற எதுவும் ஓடக் கூடாதுன்னு சேத்து எழுதிருங்க."

சேத்து எழுதினேன். கீழ கையெழுத்துப் போட்டேன். பழக்க தோசத்துல 'இயற்பியல் ஆசிரியர்'னும் போட்டேன். அவ அதைப் போர்ட்டிகோ தூண்ல ஒட்டிட்டா.

புதன்கிழமை சாயங்காலம் மச்சான் வண்டி வந்துச்சு. காதணி விழாவுக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு. வாசல்ல தவிலும் நாதஸ்வரமும் நின்னுச்சு.

"மேளம் எதுக்கு லேகா இப்பவே?"

"தாய்மாமன் சீரு சும்மா வருமா?"

வண்டியை வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தேன். நெத்தியில 'மீனாள்'னு எழுதியிருந்துச்சு. செம்மலை முன்னாடி நின்னு, "வரட்டும்... வரட்டும்... நேரா விடுங்க... திருப்பாதீக சாமி, திருப்பாதீக!"ன்னு கத்துனாரு. வண்டி இரும்பு ஷீட்டு மேல கடகடன்னு ஏறி, போர்ட்டிகோவுக்குள்ள வந்து நின்னுச்சு. நான் தரையில மண்டி போட்டு, டார்ச் லைட்டை அடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கல்லாப் பாத்தேன். ஒண்ணு கூட விரியல. ஒரு கீறல் இல்ல. எந்திரிச்சு நின்னு செம்மலையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

"பாத்தியா லேகா? ஒரு கல்லு? ஒரே ஒரு கல்லு?"

"ஒண்ணுகூடப் போகலைங்க. கெட்டிக்காரருதான் நீங்க"ன்னா.

பதினாலு வருசத்துல முதல் பாராட்டு. அப்பவாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

மச்சான் இறங்கி வந்து, "மாப்ள, எங்களுக்காகவா இம்புட்டு ஏற்பாடு?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. சொன்னேன்ல, நல்ல மனுசன்னு.

"அண்ணே, எடைச் சீட்டு கொண்டாந்தீகளா?"ன்னா சந்திரலேகா.

"நீ சொல்லி மறப்பனா? ரெண்டு இருக்கு. காலி வண்டிக்கு ஒண்ணு, சீரு ஏத்தி வர்ற வழியில எடை மேடையில போட்டது ஒண்ணு."

அவ ரெண்டாவது சீட்டைச் சத்தமா வாசிச்சா. "ஆறாயிரத்து நாப்பது கிலோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அட்டையில ஐயாயிரத்து முந்நூறு. வண்டி நிக்கிறது பலகை மேல. அடியில கல்லு. கல்லுக்கு மேல என் மாடி ரூமு!

"இறக்குங்க! இறக்குங்க! மொத்தத்தையும் இறக்குங்க!"ன்னு கத்தினேன்.

தவில் அடிக்க ஆரம்பிச்சுருச்சு. முதல் ஆளா நான்தான் உள்ள பாஞ்சேன். அரிசி மூட்டையைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடினேன். வெங்கலப் பானை, எவர்சில்வர் அண்டா, குத்துவிளக்கு, ஐம்பத்தோரு தட்டுப் பழமும் பலகாரமும், துர்காவுக்கு ஒரு மரக்கட்டிலு, அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எதுக்குன்னு தெரியல, ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு பீரோ. தாய்மாமன் சீரை மாப்பிள்ளையே ஓடி ஓடித் தலையில சுமந்துக்கிட்டுப் போறதைக் காரைக்குடியில அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாத்திருப்பாக. நாதஸ்வரக்காரரு என் வேகத்துக்கு வாசிக்க முடியாமத் திணறுனாரு. தண்ணித் தொட்டி ஞாபகம் வந்து, அதையும் திறந்து விட்டு, குழாயைப் போட்டு முருங்கை மரத்துக்குத் திருப்பினேன்.

எல்லாம் இறக்கி முடிச்சப்ப ஹால்ல கால் வைக்க இடமில்ல. கீழ ரூம்ல கட்டிலும் பீரோவும் போக ஒரு ஆளு ஒருக்களிச்சு நிக்கலாம்.

"இப்ப வண்டி எம்புட்டு?"ன்னேன் மூச்சு வாங்க.

சந்திரலேகா முதல் சீட்டைப் பாத்தா. "ஐயாயிரத்து இருநூத்திப் பத்து. அட்டைப்படி இன்னும் தொண்ணூறு கிலோ ஏத்தலாம்."

"அஞ்சு டன்னுன்னீகளே மச்சான்!"

"பேச்சுக்குச் சொல்றதுதானே மாப்ள"ன்னுட்டு, அலுப்புல படுக்கலாம்னு வண்டிப் படியில காலை வச்சாரு.

"அண்ணே, நில்லுங்க. உங்க எடை என்ன?"

"நூத்தி நாலு."

"மதினி, உங்களுது?"

மீனாள் வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாக. "தொண்ணூத்தொண்ணு. தொண்ணூறுதான் இருந்தேன். சீர்ப் பலகாரத்தை உப்புப் பாத்ததுல ஒண்ணு கூடிருச்சு."

எனக்கு விசயம் லேசா உறைக்க ஆரம்பிச்சுச்சு. வேகமாத் தூணுக்குப் போனேன்.

"இது நான் எழுதினதுதானே? நானே மாத்துறேன். ஆறாயிரம்னு போட்டா முடிஞ்சுச்சு. நெசத்துல ஏழாயிரம் கூடத் தாங்கும்!"

"அப்ப அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது பொய்யா?"ன்னா. "செம்மலைக் கொத்தனாரே, ஆறாயிரம் தாங்குமா?"

செம்மலை என்னையப் பாத்தாரு. அவளைப் பாத்தாரு. அவ கையில அவருக்குக் குடுக்க ஒரு செம்பு மோர் இருந்துச்சு.

"சார் கையெழுத்துப் போட்டிருக்காருல்ல. அதுக்கு மேல நான் என்ன சொல்றது"ன்னுட்டு மோரை வாங்கிக்கிட்டாரு.

மச்சான் என் தோள்ல கையைப் போட்டாரு. "விடுங்க மாப்ள. எங்களுக்காக எம்புட்டுப் பாடுபட்டுட்டீக. உங்க கல்லுக்கு ஒண்ணு ஆனா எங்க மனசு தாங்குமா? நாங்க எப்பவும் போல மாடியிலயே படுத்துக்கிறோம். கொப்புடையம்மன் திருவிழாவையும் பாத்துட்டுப் பன்னெண்டு நாள் இருந்துட்டுத்தான் போறோம்."

ரெண்டு பேரும் படியேறிப் போனாக. கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ரிமோட் சத்தம். பீப். பீப். பீப். எண்ணிக்கிட்டே நின்னேன். எட்டுத் தடவ. இருபத்தி நாலுல இருந்து பதினாறு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

"நான் எங்க படுக்கிறது லேகா?"

"ஹால்ல சீரு இருக்கு. விழா முடியிற வரைக்கும் அதை அசைக்கக் கூடாது. கீழ ரூம்ல பீரோ போக எனக்கும் துர்காவுக்குமே இடமில்ல."

"அப்ப?"

"அதான் வண்டி காலியாக் கிடக்கே. ரெண்டு பேரு காலை நீட்டிப் படுக்கலாம், மெத்தையெல்லாம் அம்புட்டு நல்லா இருக்காம். உங்க எடை எண்பத்தி நாலு. போர்வை தலகாணி மூணு கிலோ. தண்ணிச் செம்பு ரெண்டு. எண்பத்தி ஒம்பதுதான் வருது. தாராளமா இருக்கலாம்."

கொஞ்சம் உசிரு வந்துச்சு. "வண்டியிலயும் ஏசி இருக்குல்ல?"

"அதிருமே"ன்னா. தூணைக் காட்டினா.

அவ கையில இருந்த காலி வண்டிச் சீட்டை வாங்கிப் பாத்தேன். ஐயாயிரத்து இருநூத்திப் பத்து கிலோ. தேதியைப் பாத்தேன். போன வாரம் வியாழக்கிழமை. என்கிட்ட அழுது அழுது அட்டை எழுதி வாங்கினது அதுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை.

நான் அவளைப் பாத்தேன். அவ என் தலகாணியை எடுத்து என் கையில குடுத்தா. வெயில்ல நாள் பூராம் ஓடி வந்த தகரம் இன்னும் அனலாக் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. வண்டிப் படியில காலை வச்சேன்.

"என்னங்க"ன்னு பின்னாலயே கூப்பிட்டா. போனாப் போகுது, ஹால்லயே ஒரு ஓரமாப் படுங்கன்னு சொல்லப் போறான்னு ஆசையாத் திரும்பினேன்.

"செருப்பைக் கீழயே கழட்டிட்டு ஏறுங்க. அது வேற முக்கால் கிலோ இருக்கும்."